உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம்

உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் என்பது சென்னை நகரின் கதீட்ரல் சாலையில் 1962 ஆம் ஆண்டு முதல் 2008 ஆம் ஆண்டு வரை இயங்கிய ஒரு தென்னிந்திய சைவ உணவகம் ஆகும். மரங்கள் அடர்ந்த பெரிய தோட்டம் ஒன்றினுள் அமைந்திருந்த இவ்வுணவகத்தில், வாடிக்கையாளர்கள் தங்கள் காரை விட்டு இறங்காமலேயே சிற்றுண்டி அருந்த முடிந்தது. சென்னையில் திறந்தவெளியையே தனது முதன்மையான ஈர்ப்பாகக் கொண்டு வளர்ந்த உணவகங்களுள் இது மிகவும் அறியப்பட்டதாகும். உணவகம் நின்ற நிலம் தொடர்பான நீண்டகால வழக்கின் முடிவில் இது மூடப்பட்டது. அந்த நிலத்தில் தமிழ்நாடு அரசு அமைத்த செம்மொழிப் பூங்கா 2010 ஆம் ஆண்டு நவம்பர் 24 ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது.

பெயர்

"டிரைவ்-இன்" என்னும் ஆங்கிலச் சொல், வண்டியை உள்ளே ஓட்டிச் சென்று வண்டியிலிருந்தபடியே சேவை பெறும் இடத்தைக் குறிக்கும். "உட்லண்ட்ஸ்" என்பது இவ்வுணவகத்தின் நிறுவனர் முன்னதாக இராயப்பேட்டையில் ஓட்டல் நடத்திய மாளிகையின் பெயராகும். சென்னை மக்கள் பேச்சு வழக்கில் இவ்விடத்தை "டிரைவ்-இன்" என்றே சுருக்கமாக அழைத்தனர். மயிலாப்பூர் டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலையில் உள்ள நியூ உட்லண்ட்ஸ் ஓட்டலும், இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் என்ற பெயரில் அமைந்த திரையரங்கும் இதனின்றும் வேறானவை.

நிறுவனர்

இவ்வுணவகத்தை நிறுவியவர் கே. கிருஷ்ண ராவ் ஆவார். இவர் கருநாடகத்தின் உடுப்பிப் பகுதியைச் சேர்ந்தவர். 1920களில் சென்னைக்கு வந்து, உணவகச் சமையலறையில் உதவியாளராகத் தொழிலைத் தொடங்கினார். பின்னர் மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீகிருஷ்ண விலாஸ் என்ற உணவகத்தை நடத்தினார். 1938 இல், இராமநாதபுரம் அரச குடும்பத்துக்கு உரியதாக இருந்த உட்லண்ட்ஸ் என்ற மாளிகையைக் குத்தகைக்கு எடுத்து, அதில் தங்கும் வசதியுடன் கூடிய ஓட்டலைத் தொடங்கினார். குத்தகைக் காலத்துக்குப் பின், 1950களில் அன்று எட்வர்டு எலியட்ஸ் சாலை எனப்பட்ட இன்றைய டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலையில் நியூ உட்லண்ட்ஸ் ஓட்டல் உருவானது. இதன் தொடர்ச்சியாகவே 1962 இல் டிரைவ்-இன் உணவகம் தோன்றியது.

உடுப்பி உணவகங்கள் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை நகரின் உணவுப் பழக்கத்தை மாற்றியமைத்தவை. தூய்மை, குறைந்த விலை, விரைவான பரிமாறல் ஆகியவை இவற்றின் இயல்புகள். பிற்காலத்தில் சிங்கப்பூர், இலண்டன் போன்ற நகரங்களிலும் உட்லண்ட்ஸ் என்ற பெயர் தாங்கிய தென்னிந்திய சைவ உணவகங்கள் ஏற்பட்டன.

அமைவிடம்

கதீட்ரல் சாலை, அண்ணா சாலையையும் மயிலாப்பூரையும் இணைக்கும் வழியில் உள்ளது. 1815 இல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஜார்ஜ் பேராலயத்தின் காரணமாக இச்சாலை இப்பெயர் பெற்றது. சாலையின் மேற்கு முனையில் ஜெமினி ஸ்டுடியோ இருந்தது. அங்கு 1973 இல் திறக்கப்பட்ட அண்ணா மேம்பாலம் இன்றும் ஜெமினி மேம்பாலம் என்றே பரவலாக அழைக்கப்படுகின்றது. இதே சாலையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியும், சாலையின் கிழக்கு முனைக்கு அருகில் மியூசிக் அகாதெமியும் உள்ளன. மயிலாப்பூர், தியாகராய நகர், நுங்கம்பாக்கம், இராயப்பேட்டை ஆகிய பகுதிகளிலிருந்து எளிதில் அடையக்கூடிய இடமாக இது இருந்தது.

உணவகம் அமைந்த நிலம் வேளாண்-தோட்டக்கலைச் சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. இச்சங்கம் 1835 இல் நிறுவப்பட்டது. தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்த இராபர்ட் வைட் இதன் தொடக்க கால முயற்சிகளுடன் தொடர்புடையவர். தோட்டக்கலையை வளர்ப்பதற்காகச் சங்கத்தின் வசம் இருந்த இந்நிலத்தின் ஒரு பகுதியைக் கிருஷ்ண ராவ் குத்தகைக்குப் பெற்றார். ஆகவே, உணவகம் தொடங்குவதற்கு முன்னரே அங்கு வளர்ந்த மரங்களும் தோட்டமும் இருந்தன. நிழலை உருவாக்க அவர் காத்திருக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை.

டிரைவ்-இன் முறையின் தோற்றம்

டிரைவ்-இன் உணவகங்கள் ஐக்கிய அமெரிக்காவில் தோன்றியவை. 1921 இல் டெக்சாசு மாநிலத்தின் டாலசு நகரில் தொடங்கப்பட்ட பிக் ஸ்டாண்ட் என்ற உணவகம் இவ்வகையில் முதலாவதாகப் பொதுவாகக் கருதப்படுகின்றது. இங்கு பணியாளர்கள் காரின் அருகே வந்து, என்ன வேண்டும் எனக் கேட்டு, உணவைக் கொண்டுவந்து கொடுத்தனர்.

1940 இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் மெக்டொனால்டு சகோதரர்கள் தொடங்கிய உணவகமும் முதலில் இதே முறையிலேயே இயங்கியது. ஆனால் 1948 இல் அவர்கள் காருக்கு உணவு கொண்டு செல்லும் பணியாளர்களை நீக்கிவிட்டு, வாடிக்கையாளரே சாளரத்தில் வந்து பெற்றுக்கொள்ளும் முறைக்கு மாறினர். கார்கள் நீண்ட நேரம் நின்றமையும், பணியாளர் செலவும் இம்மாற்றத்துக்குக் காரணங்களாயின. அமெரிக்காவில் தோன்றிய டிரைவ்-இன் முறை பின்னர் சென்னைக்கும் வந்தது.

தொடங்கப்பட்ட காலத்தின் சூழல்

1962 இல் இந்தியாவில் கார் என்பது அரிய பொருளாகும். அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்று வகைகளே பெரும்பாலும் கிடைத்தன. இவற்றுள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு சென்னையில் தயாரிக்கப்பட்டதாகும். உற்பத்தி அரசின் உரிமக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தமையால், கார் வாங்க விரும்புவோர் பதிவு செய்துவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருந்தனர். எனவே காரில் வருவோரை மட்டும் நம்பி ஓர் உணவகம் நடப்பது கடினம். உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் நடந்து வருவோருக்கும், மிதிவண்டியிலும் பிற இரு சக்கர வண்டிகளிலும் வருவோருக்கும் இடமளித்தமை இதனால் முக்கியத்துவம் பெறுகின்றது.

மற்றொரு சூழல் மதுவிலக்கு ஆகும். அன்றைய சென்னை மாநிலத்தில் 1948 முதல் முழு மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. 1971 இலேயே அது தளர்த்தப்பட்டது. மேலை நாடுகளில் மாலை நேரத்தில் நண்பர்கள் கூடுவதற்கு மதுச்சாலைகளும் அவற்றின் தோட்டங்களும் பயன்பட்டன. சென்னையில் அந்தப் பங்கைக் காபி ஓட்டல்களே பெருமளவுக்கு ஏற்றன. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வெளியே ஒரு குவளைக் காபியின் செலவில் உட்கார்ந்து பேசக்கூடிய இடம் என்ற தேவை நகரில் இருந்தது.

வெளியிட அமைப்பு

உணவகத்தின் வெளியிடத்தில் வெவ்வேறு வகையினர் வெவ்வேறு விதமாக உணவருந்த வசதி இருந்தது.

கார் நிறுத்துமிடம்: மரங்களின் நிழலில் கார்கள் நிறுத்தப்பட்டன. பணியாளர் வந்து கேட்டுச் சென்று, சிறிது நேரத்தில் தட்டுடன் திரும்புவார். காரின் சாளரத்தில் மாட்டக்கூடிய தட்டுகள் பயன்படுத்தப்பட்டன. குழந்தைகளுடன் வந்த குடும்பத்தினர் இதனைப் பெரிதும் விரும்பினர்.

கூரையிட்ட பகுதி: மேசை நாற்காலிகள் இடப்பட்ட, பக்கங்கள் திறந்த பகுதி ஒன்றும் இருந்தது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் திசம்பர் வரையான மாதங்களில் இத்தகைய பகுதி இன்றியமையாததாகும்.

தானே பெற்றுக்கொள்ளும் பகுதி: விரைவாக உண்டு செல்ல விரும்புவோர் நேரடியாகப் பெற்றுக்கொள்ளும் முறையும் பின்னர் இருந்தது.

சென்னையில் மே மாதத்தில் பகல் வெப்பநிலை பல நாட்களில் 38 பாகை செல்சியசைத் தாண்டும். பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கிய பின்னரே வெப்பம் தணிகின்றது. இத்தகைய தட்பவெப்பத்தில், மரநிழல் இல்லாத திறந்தவெளியில் ஆண்டின் பெரும்பகுதி வாடிக்கையாளரை அமர வைக்க இயலாது. ஆகவே இவ்வுணவகத்தில் மரங்கள் அழகுக்கு மட்டுமன்றித் தொழிலுக்கும் அடிப்படையாக அமைந்தன. அதிகாலையும் மாலையும் இங்கு கூட்டம் மிகுந்த நேரங்களாக இருந்தன.

உணவு வகைகள்

இட்லி, தோசை, வடை, போண்டா, பொங்கல், கேசரி போன்ற வழமையான சிற்றுண்டிகளும் வடிகட்டிக் காபியும் இங்கு வழங்கப்பட்டன. பிற்காலத்தில் சன்னா பட்டூரா இங்குள்ள புகழ்பெற்ற உணவுகளுள் ஒன்றாக விளங்கியது. உணவு வகைகளில் இவ்வுணவகம் பிற உடுப்பி உணவகங்களிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை. அதே தோசையை நகரின் பல இடங்களில் உண்ண முடியும் என்ற நிலையிலும் மக்கள் இங்கு வந்தமைக்கு, உண்ணும் இடத்தின் இயல்பே காரணமாகச் சொல்லப்படுகின்றது.

வாடிக்கையாளர்கள்

காலையில் நடைப்பயிற்சி முடித்து வருவோரும், முற்பகலில் மருந்து நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகளும், பிற்பகலில் கல்லூரி மாணவர்களும், மாலையில் குடும்பத்தினரும் இங்கு வந்தனர். சொந்தமாக அலுவலகம் இல்லாத சிறு வணிகர்களும் முகவர்களும் தங்கள் வாடிக்கையாளரைச் சந்திக்கும் இடமாக இதனைப் பயன்படுத்தினர். ஜெமினி ஸ்டுடியோவும் கோடம்பாக்கத்தின் படப்பிடிப்புத் தளங்களும் அதிகத் தொலைவில் இல்லாமையால், திரைத்துறையினர் கதை பேசும் இடமாகவும் இது அறியப்பட்டது. மார்கழி மாத இசை விழாக் காலத்தில் கச்சேரிகளுக்கு வந்தவர்களும் இங்கு கூடினர். திருமணப் பேச்சின் முன்னோடியாக இரு குடும்பத்தினரும் பொது இடத்தில் சந்தித்துக்கொள்ளவும் இத்தகைய உணவகங்கள் பயன்பட்டன.

வெளியிடம் வாடிக்கையாளரை ஈர்த்த விதம்

நகர்ப்புற உணவகம் ஒன்றின் வருவாய், ஓர் இருக்கையில் ஒரு நாளில் எத்தனை பேர் உட்கார்ந்து எழுகின்றனர் என்பதைப் பெரிதும் பொறுத்தது. இடவாடகை கூடிய தியாகராய நகர், மயிலாப்பூர் போன்ற பகுதிகளில் உண்டு முடித்தவர் விரைவில் எழுந்தால்தான் உணவகத்துக்குக் கட்டுபடியாகும். அறிமுகமில்லாதவர்கள் ஒரே மேசையில் அமர்வதும், கடைசிக் கவளத்துக்கு முன்பே பில் வைக்கப்படுவதும் இதனாலேயே வழக்கமாயின. மயிலாப்பூரின் ராயர் மெஸ் போன்ற புகழ்பெற்ற சிறு உணவகங்களில் இருக்கைகள் மிகக் குறைவாதலால், வாடிக்கையாளர் வெளியில் காத்திருப்பதும் உண்டு.

டிரைவ்-இன் உணவகத்தில் இந்நிலை வேறாக இருந்தது. இடம் மிகுதியாக இருந்தமையால் ஒருவர் நீண்ட நேரம் அமர்ந்திருப்பது பிறரைத் தடுக்கவில்லை. காரில் வந்தவர் தமது இருக்கையைத் தாமே கொண்டுவந்தார் எனலாம். ஒரு காபியுடன் ஒரு மணி நேரம் இருந்தவர் மறுநாளும் வந்தார். தம்முடன் மேலும் இருவரை அழைத்து வந்தார். வாடிக்கையாளரின் நேரத்தைக் கட்டுப்படுத்தாமை இவ்வாறு விளம்பரத்தின் வேலையைச் செய்தது.

இதில் கவனிக்க வேண்டிய பண்புகள் பின்வருமாறு:

நிழல்: தட்பவெப்பத்துக்கு ஏற்ற இயற்கையான கூரை.

வண்டி நிறுத்த வசதி: நகரில் கார்களும் இரு சக்கர வண்டிகளும் பெருகிய 1990களுக்குப் பின் இதன் மதிப்பு மேலும் கூடியது.

தெரிவு: காரிலோ கூரையின் கீழோ விரும்பிய இடத்தில் உண்ணும் உரிமை.

அணுகத்தக்க விலை: பெரிய தோட்டம் இருந்தும் விலை நட்சத்திர ஓட்டல்களின் அளவுக்கு உயரவில்லை.

இவற்றுள் கடைசிப் பண்பு நிலத்தின் குத்தகையைச் சார்ந்திருந்தது. நகரின் நடுவே பல ஏக்கர் பரப்பில் மரங்களையும் கார்களையும் வைத்துக்கொண்டு, சிற்றுண்டி விற்ற பணத்தில் அந்நிலத்தின் சந்தை விலைக்கு ஏற்ற வாடகையைச் செலுத்துவது எந்த உணவகத்துக்கும் கடினம். உணவகத்தின் வலிமைக்குக் காரணமான அதே நிலமே பின்னர் அதன் முடிவுக்கும் காரணமாயிற்று.

நில வழக்கும் மூடலும்

1980களின் இறுதியில் தமிழ்நாடு அரசு இந்நிலத்தைத் தோட்டக்கலைச் சங்கத்திடமிருந்து திரும்பப் பெறும் நடவடிக்கையைத் தொடங்கியது. தோட்டக்கலை வளர்ச்சிக்கென இருந்த அரசு நிலம் வணிக நோக்கில் உணவகத்துக்கு விடப்பட்டுள்ளது என்பது அரசுத் தரப்பின் வாதத்தில் முதன்மையானதாகும். இது தொடர்பான வழக்குகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தன. ஆட்சி மாற்றங்களும் நடவடிக்கையின் வேகத்தைப் பாதித்தன. இறுதியில் நிலம் அரசின் வசம் வந்தது. 2008 ஆம் ஆண்டில் உணவகம் மூடப்பட்டது. அப்போது அது தொடங்கி 46 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மூடப்படும் செய்தி வெளியானபோது பழைய வாடிக்கையாளர் பலர் கடைசி முறையாக வந்து சென்றனர். சென்னை நாளிதழ்களில் இவ்வுணவகத்தைப் பற்றிய நினைவுக் கட்டுரைகள் வெளியாகின.

செம்மொழிப் பூங்கா

உணவகம் இருந்த இடத்தில் ஏறத்தாழ 20 ஏக்கர் பரப்பில், சுமார் 8 கோடி ரூபாய் செலவில், தாவரவியல் பூங்கா ஒன்றை அரசு அமைத்தது. தமிழ் 2004 இல் செம்மொழியாக அறிவிக்கப்பட்டதையும், 2010 சூன் மாதம் கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றதையும் ஒட்டி இதற்குச் செம்மொழிப் பூங்கா எனப் பெயரிடப்பட்டது. அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி இதனைத் திறந்து வைத்தார். தோட்டக்கலைத் துறை இதனைப் பராமரித்து வருகின்றது. அங்கு முன்பே இருந்த பழைய மரங்கள் பூங்காவின் அமைப்பில் சேர்த்துக்கொள்ளப்பட்டன. 2024, 2025 ஆம் ஆண்டுகளில் சென்னை மலர்க் கண்காட்சி இங்கு நடத்தப்பட்டது.

சாலையின் எதிர்ப்புறம் சங்கத்தின் வசமிருந்த மற்றொரு நிலத்தையும் அரசு பின்னர் மீட்டது. அங்கு சுமார் 6 ஏக்கர் பரப்பில் அமைக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா 2024 அக்டோபர் 7 ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலினால் திறந்து வைக்கப்பட்டது.

மாறுபட்ட கருத்துகள்

உணவகம் மூடப்பட்டது குறித்து இரு வேறு கருத்துகள் நிலவுகின்றன.

பொது நிலம் பொதுமக்களுக்கே பயன்பட வேண்டும் என்பது ஒரு கருத்து. உணவகத்தில் அமர ஏதேனும் வாங்க வேண்டும். பூங்காவுக்கு அத்தேவை இல்லை. சிறு நுழைவுக் கட்டணத்தில் எவரும் உள்ளே சென்று அமரலாம். நெருக்கடி மிகுந்த நகரில் கட்டடம் எழாமல் பசுமை காக்கப்பட்டதும் இத்தரப்பினர் சுட்டும் நன்மையாகும். ஜெமினி ஸ்டுடியோ நிலத்தில் நட்சத்திர ஓட்டலும் வணிகக் கட்டடங்களும் எழுந்ததை நோக்க, டிரைவ்-இன் நிலத்தில் மரங்கள் எஞ்சியுள்ளமை குறிப்பிடத்தக்கது.

நகரின் நினைவுகளுடன் பிணைந்த இடங்களும் ஒருவகைப் பொதுச் சொத்தே என்பது மற்றொரு கருத்து. வேலி, நுழைவுச் சீட்டு, மூடும் நேரம் ஆகியவற்றைக் கொண்ட பூங்கா, காலை முதல் இரவு வரை மக்கள் தாமாகக் கூடிய உணவகத்துக்கு ஈடாகாது என்று இத்தரப்பினர் கூறுகின்றனர். பூங்காவினுள் அவ்வுணவகத்தின் ஒரு பகுதியையாவது நியாயமான வாடகையில் தொடரச் செய்திருக்கலாம் என்பதும் இவர்கள் கருத்தாகும். பெங்களூரின் கப்பன் பூங்கா, இலால்பாக் ஆகியவற்றின் அருகே பழைய சிற்றுண்டிச் சாலைகள் தொடர்ந்து இயங்குவதை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

சென்னையில் பிற திறந்தவெளி உணவிடங்கள்

சென்னையில் திறந்தவெளியில் உண்பது புதிய வழக்கமன்று. மெரினாவிலும் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலும் சுண்டலும் மிளகாய் பஜ்ஜியும் விற்கும் கடைகள் மாலைதோறும் கூட்டத்தை ஈர்க்கின்றன. இராயப்பேட்டையில் உள்ள அமேதிஸ்ட் போன்ற தோட்ட உணவகங்கள், உயர்ந்த விலையில், பழைய வீட்டுத் தோட்டச் சூழலை வழங்குகின்றன. 

தனியார் வளாகத்துக்கு மாறாகச் சாலையையே மேம்படுத்தி வாடிக்கையாளரை ஈர்க்கும் முயற்சி தியாகராய நகரில் மேற்கொள்ளப்பட்டது. சென்னை மாநகராட்சி 2014 இல் இயந்திரம் சாராப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. இதன் தொடர்ச்சியாகப் பாண்டி பஜார் எனப்படும் தியாகராயர் சாலையில், சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் நடைபாதைகள் பெரிதும் அகலப்படுத்தப்பட்டு, இருக்கைகள் இடப்பட்டன. 2019 நவம்பரில் இது திறக்கப்பட்டது. வண்டி நிறுத்துமிடம் குறைந்தால் வாடிக்கையாளர் குறைவர் என்ற அச்சம் வணிகர் சிலரிடம் தொடக்கத்தில் இருந்தது. டிரைவ்-இன் காருக்கு இடமளித்து மக்களை ஈர்த்தது. பாண்டி பஜார் காருக்கான இடத்தைக் குறைத்து நடப்போரை ஈர்க்க முயன்றது. நிழலும், உட்காரும் இடமும், அவசரப்படுத்தாத சூழலும் இரண்டுக்கும் பொதுவானவையாகும்.

இவற்றையும் பார்க்க

செம்மொழிப் பூங்கா
உடுப்பி உணவகங்கள்
கதீட்ரல் சாலை
ஜெமினி ஸ்டுடியோ
பாண்டி பஜார்